கம்யூனிச ஆட்சியின் கடைசிக் காலத்தில் பங்க் இசைக்குழுக்கள் ரகசியமாக எப்படித் தாக்குப்பிடித்தன?

ஏதோ கல்லூரி அசைன்மென்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பங்க் குழு (பங்க் என்றால் அதிகாரத்தைச் சாடும் முரட்டு ராக் இசை), அதுவும் ஒரு கேசட் வழியாக. கிழக்கு ஜெர்மனி, ஹங்கேரி கதையெல்லாம் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

1989இல் மாஸ்கோவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறைத் தோழன் சைபீரியாக்காரன். ஊரிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுபோன என் இளையராஜா கேசட்டின் மேலேயே ஒருநாள் எதையோ பதிந்து வைத்துவிட்டான். போட்டால் ஒரே இரைச்சல். டேப் சிக்கிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சரியான சண்டை. "உன் பாட்டு உன் ஊர்க் கடையில் கிடைக்கும், இது எந்தக் கடையிலும் கிடைக்காது" என்றான். பி பக்கக் கடைசியில் மட்டும் ராஜாவின் வயலின் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

குழுவின் பெயர் கிராஷ்தான்ஸ்கயா ஓபரோனா, அதாவது 'குடிமக்கள் பாதுகாப்பு'. சுருக்கினால் 'க்ரோப்', ரஷ்ய மொழியில் சவப்பெட்டி! 1984இல் சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரில் யெகோர் லெதோவ் தொடங்கியது. அடுத்த வருடமே சோவியத் உளவுத்துறையான கேஜிபி புகுந்தது. லெதோவை மனநல மருத்துவமனையில் மூன்று மாதம் அடைத்தார்கள். கூட வாசித்த ரியாபினோவை ராணுவத்துக்கு அனுப்பினார்கள். 1987 கோடையில் லெதோவ் வீட்டிலேயே டிரம்ஸ், கிடார், பாட்டு எல்லாவற்றையும் பெரும்பாலும் தானே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து ஐந்து ஆல்பம் முடித்தார். இசைத்தட்டு போட அரசின் மெலோதியா நிறுவனம்தான் உண்டு, அவர்களிடம் இதைக் கொண்டுபோக முடியுமா? டேப்பிலிருந்து டேப்புக்குக் கைமாறியே நாடு முழுக்கப் போனது. என்னுடையது எத்தனையாவது நகலோ, பாடுகிறவர் கிணற்றுக்குள் இருந்து கத்துவது போல இருக்கும்.

தோழர்கள் கோபிக்க வேண்டாம். என் மாமாவே கட்சிக்காரர். 'சோவியத் நாடு' இதழின் வழுவழுத் தாளில் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டு வளர்ந்தவன் நான். கம்யூனிசத்தைத் திட்டுகிறேன் என்று கைதட்ட வருகிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள். சோவியத் சரிந்ததை லெதோவ் கொண்டாடவில்லை. அடுத்து வந்த ரஷ்ய அதிபர் யெல்த்சினையும் எதிர்த்தார், 90களில் தீவிர தேசியவாதத்தையும் கம்யூனிசத்தையும் கலந்த தேசிய போல்ஷெவிக் கட்சியில் சேர்ந்தார், தன்னைக் கம்யூனிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார். அந்தக் கட்சி எனக்குப் பிடிக்காது, ஆனால் நடந்தது அதுதான். 2008இல் 43 வயதில் இறந்துபோனார்.

அப்புறம், கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பி வேலைக்குப் போன முதல் நேர்முகத் தேர்விலேயே ஒருவர், "இங்கே சீட் கிடைக்கலையா?" என்று சிரித்தார். உறைபனியில் நடந்துபோய் ரஷ்ய மொழியில் தேர்வு எழுதியவனிடம் கேட்கிற கேள்வியா இது? அங்கே மருத்துவம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளை இன்றைக்கும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

பாட்டுகள் எல்லாம் யூடியூபில் கிடக்கின்றன. ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள், இல்லையென்றால் வீட்டில் திட்டு விழும்.