ஓசூரில் குழந்தை மருத்துவரைத் தேடும் சகோதரிக்கு

மதுரையிலிருந்து ஓசூருக்கு வந்து இரண்டு வாரம், கையில் ஐந்து மாதக் குழந்தை, பக்கத்து கிளினிக் போர்டில் 'குழந்தைகள் நல மருத்துவர்' என்று இருந்தும் பெயருக்குப் பின்னால் வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தயக்கம் சரியானதுதான். எம்.பி.பி.எஸ். படித்தவர் சாதாரணக் காய்ச்சல் சளியைப் பார்ப்பார், அதில் தவறில்லை. ஆனால் குழந்தை நல நிபுணர் என்றால் அதற்கு மேல் குழந்தை மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.சி.எச். என்ற மேற்படிப்பு இருக்க வேண்டும். குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளும் பெயருக்குப் பின்னால் நீளமாக வரும், அவற்றை நிபுணத்துவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். கிளினிக்கிலும் சீட்டிலும் அதைக் காட்ட வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. அந்த எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள மருத்துவர் பதிவேட்டில் தேடுங்கள். எல்லை ஊர் என்பதால் கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவராகவும் இருக்கலாம். தமிழ்நாட்டுப் பட்டியலில் காணோம் என்றதும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நல்லவர் யார் என்பதைப் பதிவேடு சொல்லாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். என் மகளுக்கு நான் மருத்துவரைக் கண்டுபிடித்தது அப்படித்தான். குழந்தை நன்றாக இருக்கும்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள். எடை பார்த்துக் குறிக்கிறாரா, இரவில் அவசரம் என்றால் எங்கே போவது என்று கேட்டால் பொறுமையாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். மதுரையில் வைத்திருந்த தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.