பார்லிக்குக் கட்டிய வீடு

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் வேலை பார்க்கிறேன். ஸ்லீஃபர்ட் ஊர் எல்லையில் பாழடைந்து நிற்கும் பாஸ் மதுபான நிறுவனத்தின் பழைய மால்ட் ஆலையைப் பார்த்தேன். முதலில் சிறைச்சாலை என்றே நினைத்தேன். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஏன் அத்தனை சிறிய ஜன்னல்கள்? இடிக்கவும் இல்லை, பழுதுபார்க்கவும் இல்லை. ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள்?

ச.

அன்புள்ள ச.,

சிறை என்று நினைத்ததில் பெரிய தவறில்லை. உள்ளே அடைபட்டிருந்தது பார்லி. பீர் காய்ச்சுவதற்காக அதை முளைகட்டி உலர்த்துவார்கள்; அப்படி உலர்த்தியதுதான் மால்ட்.

நம் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளை எட்டிப்பார்த்ததும் உலர்த்தி வறுக்கிறோமே, அதே வேலைதான். அங்கே துணிக்குப் பதில் தரை. ஊறிய பார்லியைத் தளம் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். முளைக்கும் தானியம் தானாகச் சூடேறும். அப்படியே விட்டால் வேர்கள் பின்னிப் பாயாகிவிடும். ஆட்கள் மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் பரப்பை மெலிதாக்குவார்கள், ஜன்னலைத் திறப்பார்கள்; குளிர்ந்தால் மூடுவார்கள். பெரிய ஜன்னல் வைத்தால் காரியம் கெட்டது. விட்டத்தைத் தாழ்வாக வைத்ததும் அந்தச் சூட்டைக் கட்டிக்காக்கத்தான். பக்குவம் வந்ததும் சூளையில் உலர்த்தி முளையை நிறுத்திவிடுவார்கள்.

1901 முதல் 1907 வரை கட்டியது. ஹெர்பர்ட் கவுச்மன் வடிவமைத்தார். எட்டு ஆலைகள் ஒரே வரிசையில், நடுவே இயந்திரக்கூடம். முகப்பு மட்டும் ஏறத்தாழ 300 மீட்டர். இத்தனையும் துடுப்பு பிடிக்கும் கைகளை நம்பி! இயந்திரங்களில் முளைகட்டும் முறை பரவியதும் தளங்களுக்கு வேலை போயிற்று. 1959இல் மூடினார்கள். பிறகு கோழி வளர்த்தார்கள். 1976இல் பிடித்த தீ ஒரு பகுதியைத் தின்றது.

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இடிப்பது எளிதல்ல. பழுதுபார்ப்பதோ, பார்லிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மனிதனுக்கு மாட்டும் வேலை. தலை இடிக்கும், வெளிச்சம் வராது. பணம் போடுகிறவர்கள் தயங்குவதில் எனக்கு வியப்பில்லை.

அதே இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் இதற்கு நேர்மாறான கதை. அங்கே இருப்பது 1797இல் எழுந்த ஆளிநார் நூற்பாலை, உலகின் முதல் இரும்புச் சட்டகக் கட்டடம். 1897இல் மால்ட் ஆலையாக மாற்றியபோது அதன் பெரிய ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். 1987இல் அதுவும் மூடப்பட்டுப் பாழாய்க் கிடந்தது. 2022இல் மீண்டும் திறந்தார்கள், அடைத்திருந்த ஜன்னல்கள் பலவற்றையும் சேர்த்து. ஸ்லீஃபர்ட் சுவரில் அப்படித் திறப்பதற்கு ஒன்றுமில்லை.

ஷ்ரூஸ்பரிக்குப் போனால் வார்ப்பிரும்புத் தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். குறுக்கே வெட்டினால் சிலுவை வடிவம். நடுவில் பருத்து, மேலும் கீழும் மெலிந்திருக்கும்.