அசர்ட்டுக்குள் போன எஃப்ரீட்

வணக்கம் ஐயா,

சென்சார் பதிவுக் கோப்புகளைப் படித்துக் கணக்குப் போடும் சிறு நிரல் ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறேன். லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், பில்ட் செய்ய சிமேக். பிழை தேடுவதற்கான டிபக் பில்டில் பிசகில்லாமல் ஓடுகிறது. வெளியே கொடுப்பதற்கான ரிலீஸ் பில்டில் ஓடவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குப்பை எண். சில சமயம் பாதியிலேயே விழுந்துவிடுகிறது. டிபக்கர் போட்டுப் பிடிக்கலாம் என்று டிபக் பில்டுக்குப் போனால் பிழையையே காணோம். கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கும் வரியை மட்டும் இணைத்திருக்கிறேன். கோப்பிலிருந்து படிக்கும் எஃப்ரீட் (fread) 1 என்று திருப்பித் தருகிறதா என்பதை, நிபந்தனை பொய்த்தால் நிரலை நிறுத்தும் அசர்ட்டுக்குள்ளேயே (assert) பார்த்துவிடுகிறேன். உடன் வேலை செய்யும் ஒருவர், "ரிலீஸே வேண்டாம், டிபக் பில்டையே கொடுத்துவிடு" என்கிறார். இன்னொருவர் சந்தேகம் வரும் இடமெல்லாம் #இஃப்டெஃப் டிபக் (டிபக் என்ற பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டும் இந்தப் பகுதியைச் சேர்) போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிழை நீங்கள் அனுப்பிய அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது.

அசர்ட் ஒரு மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும் முன்பே வேறு உரையாக விரியும் பெயர். என்டிபக் (NDEBUG) என்ற பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால், கம்பைலுக்கு முன் ஓடும் ப்ரீபிராசசர் அந்த அசர்ட்டை ஒன்றும் செய்யாத வெற்றுக் கூற்றாக மாற்றிவிடும். அடைப்புக்குறிக்குள் இருந்தது முழுக்கப் போய்விடும். கம்பைலர் அதைப் பார்ப்பதுகூட இல்லை. ஆகவே உங்கள் ரிலீஸ் நிரலில் அந்த எஃப்ரீட் இல்லவே இல்லை. தலைப்பகுதியின் மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்ட்டை யாரும் நிரப்பவில்லை. அந்த நினைவகத்தில் முன்பு எது கிடந்ததோ அதையே உங்கள் நிரல் சென்சார் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்கிறது.

"நான் எங்குமே என்டிபக் என்று எழுதவில்லையே" என்பீர்கள். உங்களுக்காக சிமேக் எழுதியது. ஜிசிசியோடு ரிலீஸ் என்று சொன்னால் அது தானாகக் கொடுப்பவை இரண்டு: -ஓ3 என்ற வேகப்படுத்தும் நிலை, என்டிபக் வரையறை. டிபக் தகவலோடு ரிலீஸ் செய்ய ரெல்வித்டெப்இன்ஃபோ என்று ஒரு வகை இருக்கிறதல்லவா, அதிலும் என்டிபக் உண்டு. பெயரைப் பார்த்து அசர்ட்டுகள் அங்கே உயிரோடு இருக்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய.

-ஓ3, என்டிபக் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். டிபக்கில் ஓடி ரிலீஸில் விழுகிற நிரல் கைக்கு வந்தால் முதலில் இரண்டு கலப்பு பில்டுகள் செய்யுங்கள். ஒன்றில் -ஓ3 இருக்கட்டும், என்டிபக் வேண்டாம். மற்றொன்றில் -ஓ0 (வேகப்படுத்தல் இல்லை), கூடவே என்டிபக். இரண்டாவதில் மட்டும் விழுந்தால், அசர்ட்டுக்குள்ளோ #இஃப்டெஃப்புக்குள்ளோ ஏதோ வேலை ஒளிந்திருக்கிறது. முதலாவதில் மட்டும் விழுந்தால் மதிப்புக் கொடுக்காத வேரியபிள், எல்லை தாண்டிய அரே போன்றவற்றைத் தேடவேண்டும். அப்போது, நிரல் ஓடும்போதே இந்தத் தவறுகளைக் காட்டும் சானிடைசர்தான் துணை. உங்கள் நிரல் இரண்டாவது வகை.

திருத்தம் எளிது. எஃப்ரீட்டை வெளியே எடுத்து, விடையை ஒரு வேரியபிளில் வாங்கி, அதை அசர்ட் செய்யலாம். செய்தவுடன் ரிலீஸ் பில்டில் "இந்த வேரியபிளை யாரும் பயன்படுத்தவில்லை" என்று, எச்சரிக்கைகளை இயக்கியிருந்தால், ஜிசிசி எச்சரிக்கும். பலர் இந்த இடத்தில் எரிச்சலாகி, பயன்படுத்தியதுபோலக் காட்ட வாய்டு போட்டு அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆனால் அது சொல்வது நிஜம்: ரிலீஸில் எஃப்ரீட் தோற்றதா ஜெயித்ததா என்று கேட்க ஆளில்லை. கோப்பு பாதியில் அறுந்திருப்பது உங்கள் நிரலின் தவறு கிடையாது, உலகத்தில் நடக்கிற காரியம். அதற்கு இஃப் போட்டு, பிழைச்செய்தி கொடுத்து, ஒழுங்காக வெளியேற வேண்டும். நிரல் சரியாக எழுதப்பட்டிருந்தால் நடக்கவே கூடாதவற்றுக்குத்தான் அசர்ட்.

இனி #இஃப்டெஃப் டிபக் நண்பர். அவர் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. சி தரநிலையில் இருக்கும் பெயர் என்டிபக் ஒன்றுதான். டிபக் என்பதும், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் வைக்கும் அடிக்கோட்டு டிபக்கும் அவரவர் வழக்கம். எழுத்து மாறி அடித்தாலும் #இஃப்டெஃப் கேள்வி கேட்காது. அப்படி ஒரு பெயர் இல்லை என்று எடுத்துக்கொண்டு போய்விடும். அதைவிட மோசம், அணைந்து கிடக்கும் பகுதியைக் கம்பைலர் படிப்பதில்லை. ஸ்ட்ரக்ட்டில் ஒரு உறுப்பின் பெயரை இன்று மாற்றுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து அவசரத்துக்கு டிபக்கை ஏற்றினால், உள்ளே பழைய பெயரோடு எல்லா வரியும் செத்துக் கிடக்கும். ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே #இஃப்டெஃப் போட்டு உறுப்பு சேர்த்தால் ஆபத்து இன்னொரு படி மேலே: ஒரு ஃபைல் டிபக்கிலும் மற்றது ரிலீஸிலும் கம்பைல் ஆனால், ஒரே ஸ்ட்ரக்ட்டுக்கு இரண்டு அளவு. சி-யில், ஃபைல்களை ஒன்றாகக் கோக்கும் லிங்கர் மூச்சு விடாது.

லினக்ஸ் கெர்னல் இதை எப்படிக் கையாள்கிறது பாருங்கள். டிபக் செய்திகளுக்கான பிஆர்_டிபக், அணைந்திருக்கும்போது மறைந்துவிடுவதில்லை. இஃப் பூஜ்யம் என்ற நிபந்தனைக்குள் வைத்த பிரிண்ட்டாக விரிகிறது. கம்பைலர் அதைப் படிக்கிறது, வகைகளும் ஃபார்மட்டும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கிறது, பிறகு ஒருபோதும் ஓடாது என்று கண்டு தூக்கி எறிகிறது. வேகத்தில் நஷ்டமில்லை, கோடும் உளுத்துப்போகாது. டிபக் செய்தி எழுத உங்களுக்கென்று ஒரு லாக் மேக்ரோ வேண்டுமானால், எல்லா ஃபைலும் சேர்த்துக்கொள்ளும் ஒரே ஹெடரில் அதை இப்படி எழுதிவிடுங்கள். #இஃப்டெஃப் அந்த ஒரு ஃபைலைத் தாண்டக் கூடாது.

நேரமிருந்தால் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் மூல நிரலையும் திறந்து பாருங்கள். அங்கே ஆல்வேஸ், நெவர் என்று இரண்டு மேக்ரோக்கள். "இது எப்போதும் உண்மையாகத்தான் (நெவர் என்றால் பொய்யாகத்தான்) இருக்கும், இருந்தாலும் பார்த்துவைப்போம்" என்கிற இடங்களுக்கு. டிபக்கில் அந்த எதிர்பார்ப்பு பொய்த்தால் அசர்ட் போலக் கத்தி நிற்கும். ரிலீஸில் சாதாரண நிபந்தனையாகவே ஓடும், பாதுகாப்பு போகாது. டெஸ்ட் கவரேஜ் (சோதனைகள் நிரலின் எந்தப் பகுதிகளைத் தொட்டன என்ற கணக்கு) அளக்கும் பில்டில் வெறும் 1, 0 ஆகிவிடும். சென்றடைய முடியாத கிளை கணக்கைக் கெடுக்காது. ஒரே வரிக்கு மூன்று முகம். அசர்ட்டையும் அவர்கள் தலைகீழாக்கியிருக்கிறார்கள்: எஸ்க்யூலைட்_டிபக் என்று நீங்களாகக் கேட்டால் ஒழிய என்டிபக் தானே வந்துவிடும்.

டிபக் பில்டையே கொடுக்கச் சொல்பவர் பாதி சரி. கணினி அறிஞர் டோனி ஹோர் 1973-லேயே கிண்டலடித்தார்: தரையில் பழகும்போது உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, கடலுக்குப் போகும்போது கழற்றி வைக்கிற படகோட்டியைப் பற்றி என்ன நினைப்போம் என்று. ஆனால் அசர்ட் வேண்டும் என்பதற்காக -ஓ0 வேகத்தை வாடிக்கையாளர் தலையில் கட்ட வேண்டியதில்லை. சிமேக்கின் ரிலீஸ் ஃபிளாக்குகளிலிருந்து என்டிபக்கை மட்டும் நீக்குங்கள், -ஓ3 இருக்கட்டும். எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தில்கூட ரிலீஸ் பில்டில் அசர்ட்டுகளை வைத்துக்கொள்ளத் தனி விருப்பம் இருக்கிறது. பிறகு நேரத்தை அளந்து பாருங்கள். கோப்பு படிக்கிற நிரலில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது.

ஒவ்வொரு பதிவைச் சேர்த்ததும் பட்டியல் முழுக்க வரிசையில் இருக்கிறதா என்று ஓடிப் பார்க்கிற மாதிரி கனமான சோதனைகள் மட்டும் தனி. ரஸ்ட் மொழியில் இதற்கு இரண்டு பெயர்: அசர்ட் ரிலீஸிலும் நிற்கும், டிபக்_அசர்ட் சாதாரணமாக ரிலீஸில் ஓடாது. சி-யில் அந்த இரண்டாவதை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன அதே ஹெடரில், அதே இஃப் பூஜ்யம் உத்தியில், நாலைந்து வரியில் முடியும்.

அன்புடன்.