பிரைமுக்கு எதிரே பிரைம்: எந்தக் காயை எடுப்பது?

திருகோணமலை உப்புவெளியில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பேக்கேமன் (இரண்டு டைஸ் உருட்டி, காய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வெளியே எடுக்கும் ஆட்டம்) பலகை விரிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு கேள்வி மட்டும் விடாமல் வருகிறது. இரண்டு பக்கமும் மதில் கட்டி, இரண்டு பேரின் காய்களும் மற்றவரின் மதிலுக்குப் பின்னால் மாட்டி நிற்கும்போது எதை நகர்த்துவது? வந்த கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கட்டங்களின் எண்ணெல்லாம் விளையாடுபவரின் பக்கத்திலிருந்து. என் வீடு 1 முதல் 6 வரை, எதிராளியின் வீடு எனக்கு 19 முதல் 24 வரை. என் காய்கள் 24இலிருந்து 1ஐ நோக்கி இறங்கும்.

கேள்வி (நிலாவெளி, விருந்தினர் விடுதியில் வேலை செய்யும் தம்பி): அண்ணா, சீசனுக்கு வரும் வெள்ளைக்காரர்களோடு விளையாடித்தான் பழகினேன். அவர்கள் "பிரைம், பிரைம்" என்கிறார்கள். இரண்டு பேரிடமும் பிரைம் இருந்தால் யாருக்கு நல்லது?

பதில்: அடுத்தடுத்த கட்டங்களில் இரண்டிரண்டு காயாவது வைத்து வழியை அடைத்தால் அதுதான் பிரைம், தம்பி. ஆறு கட்டம் தொடர்ச்சியாக அடைத்தால் முழு பிரைம். டைஸில் ஆறுக்கு மேல் எண் இல்லை, அதனால் பின்னால் நிற்கும் காய் எதைப் போட்டாலும் தாண்டாது. ஐந்து கட்டம் என்றால் ஒரு சிறு வாசல் இருக்கிறது, நான்கு என்றால் கொஞ்சம் பெரிய வாசல்.

இரண்டு பேரிடமும் பிரைம் இருக்கும்போது யாருடையது நீளம் என்று பார்ப்பது பாதி வேலைதான். பேக்கேமனில் "நான் இந்த முறை ஆடவில்லை" என்று சொல்ல முடியாது. ஆட வழி இருந்தால் ஆடியே ஆக வேண்டும். மதிலில் சேராத உபரிக் காய்கள் தீர்ந்ததும் மதிலிலிருந்தே கல்லை உருவ வேண்டி வரும். யாருக்கு அந்த நிலை முதலில் வருகிறது என்பதுதான் இந்தச் சண்டை.

கேள்வி (மூதூர், ஆசிரியர்): என் இரண்டு காய்கள் 23இல். எதிராளி 17 முதல் 21 வரை ஐந்து கட்டமும் அடைத்துவிட்டார். எனக்கு 1-1 விழுந்தது, ஆக நாலு ஒன்று ஆடலாம். இவ்வளவு சின்ன எண்ணால் என்ன ஆகும் என்று வீட்டில் இருந்த உபரிக் காய்களை நாலு புள்ளி இறக்கி வைத்தேன். தோற்றுப்போனேன். அது பிழையா?

பதில்: பிழைதான் சேர். அந்த 1-1 உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல எறிதல். முதல் இரண்டு ஒன்றையும் 23இலிருந்து 22க்குக் கொடுத்திருக்க வேண்டும், இரண்டு காயும் சேர்ந்தே. மிச்சம் இரண்டை வீட்டில் ஆடியிருக்கலாம்.

ஏன் என்று எண்ணிப் பாருங்கள். 23இல் நிற்கும் காய்க்கு 2, 3, 4, 5, 6 எல்லாமே அடைபட்டிருக்கிறது. முதலில் ஒன்று வைத்து, பிறகு ஆறு வைத்தால்தான் வெளியே வரலாம். அதாவது 6-1 மட்டும். 36 வாய்ப்பில் 2. அதே காய் 22இல், மதிலை ஒட்டி நின்றால் எந்த ஆறு விழுந்தாலும் 16க்குப் பாய்ந்துவிடும். 36இல் 11. ஒரே ஒரு கட்டம் முன்னால் வந்ததற்கு ஐந்து மடங்குக்கு மேல் வாய்ப்பு.

கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும் முன் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) ஓடிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். துறையின் ஓரத்தில் நின்றவர் முதலில் ஏறுவார். கடையடியில் நின்று தேநீர் குடித்தவர் அடுத்த பாதைக்குக் காத்திருப்பார். எதிராளியின் பிரைமுக்கு முன்னும் அப்படித்தான், ஓரத்துக்குப் போய் நிற்க வேண்டும். பிரைம் சண்டையில் எந்த எண் விழுந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: என் பின்காய் மதிலை ஒட்டி நிற்கிறதா?

ஒரு காய் மட்டும் தனியாக ஓரத்துக்குப் போனால் வெட்டுப்படுமே என்று பயப்படுவீர்கள். வெட்டுப்பட்டாலும் இழப்பது மூன்று புள்ளிதான், அது ஏற்கெனவே பின்னால் நின்ற காய். ஆனால் எதிராளியின் உபரிக் காய்கள் நாலைந்து அந்தக் கட்டத்தையே குறிவைத்து நின்றால் ஒரு முறை பொறுத்துப் பார்க்கலாம். இதையே திருப்பியும் பாருங்கள். எதிராளியின் காய் உங்கள் மதிலின் ஓரத்துக்கு வந்து நின்றால் சும்மா விடாதீர்கள். தனிக்காயால் வெட்ட வேண்டி வந்தாலும் வெட்டிப் பின்னால் அனுப்பப் பாருங்கள்.

கேள்வி (உவர்மலை, தங்கச்சி): அண்ணா, படம் வரைய முடியவில்லை, எழுதுகிறேன். என்னிடம் 4, 5, 7இல் இரண்டிரண்டு, 6, 8இல் மும்மூன்று, 13இல் ஒன்று, 22இல் இரண்டு. எதிராளிக்கு என் 2ஆம் கட்டத்தில் இரண்டு காய். அவருடைய பிரைம் எனக்கு 17 முதல் 21 வரை. எனக்கு 2-1 விழுந்தது. 13இலிருந்து 10க்குப் பத்திரமாக வருவதா, 6இலிருந்து 3க்கு ஒரு தனிக்காயை வைத்து ஆறாவது கட்டத்துக்கு அடி போடுவதா?

பதில்: இப்படிக் கட்டம் கட்டமாக எழுதிக் கேட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது தங்கச்சி. இரவு பலகையில் காய்களை அடுக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் 6இலிருந்து 3க்கு வைப்பேன்.

10க்கு வருவதில் ஆபத்து எதுவும் இல்லை. 2இல் நிற்கும் காய்களால் அங்கே வந்து வெட்ட முடியாது. ஆனால் அடுத்து எதிராளிக்கு எந்த எண் நல்லது என்று பாருங்கள். ஒன்றுதான். ஒன்று விழுந்தால் அவர் 3க்கு ஏறி உங்கள் மதிலின் ஓரத்தில் நிற்பார், பிறகு எந்த ஆறும் அவருக்கு விடுதலை. இப்போது நீங்களே 3இல் ஒரு காயை வைத்தால் அதை வெட்டவும் அவருக்கு அதே ஒன்றுதான் வேண்டும், 36இல் 11. ஆக, எப்படியும் அவருக்கு நல்லதாக இருக்கப்போகிற எண்ணுக்கே இன்னொரு வேலை கொடுக்கிறீர்கள். புதிதாக ஒரு நல்ல எண்ணை அவருக்குத் தரவில்லை.

மிச்சம் 25 வாய்ப்பில் உங்கள் காய் தப்பி நிற்கும். அடுத்த முறை அதை மூடிவிட்டால் 3 முதல் 8 வரை முழு பிரைம். மூடும் எண்களை எண்ணுவோம்: 8இலிருந்து எந்த ஐந்தும், அது 11. நாலும் ஒன்றும், 2. மூன்றும் இரண்டும், 2. 13இலிருந்து 6-4, இன்னும் 2. மொத்தம் 17. கிட்டத்தட்டப் பாதி.

வெட்டுப்பட்டால்? எதிராளியின் வீட்டில் மூன்று கட்டம்தான் அடைபட்டிருக்கிறது. வெட்டுப்பட்ட காய் காத்திருக்கும் நடுப்பட்டையிலிருந்து அந்த வீட்டுக்குள் வர முடியாமல் போவது நான்கில் ஒரு தடவை. 22இல் உங்களுக்கு இறங்க ஓர் இடமும் இருக்கிறது. அவர் 1-1 போட்டு இரண்டு காயையும் சேர்த்து ஏற்றினாலோ, 6-1 போட்டு வெட்டிய காயோடு 9க்குப் பாய்ந்தாலோ ஒழிய, வெட்டிய பிறகு 2இலும் 3இலும் தனித்தனிக் காய்களோடு நிற்பார். உங்கள் உபரிகள் அவற்றைத் திருப்பி வெட்டப் பார்க்கும். 22இல் அந்த இடம் இல்லாமல் இரண்டு காயும் சிதறி நின்றிருந்தால் நான் இவ்வளவு துணிய மாட்டேன்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். எதிராளியிடம் உபரிக் காய்களே இல்லை, அடுத்த முறை அவரே மதிலை உடைக்கப்போகிறார் என்றால் 10க்கு வந்துவிட்டுக் காத்திருங்கள். தானாக விழப்போகிற மதிலுக்கு உங்கள் காயைப் பணயம் வைக்க வேண்டாம்.

கேள்வி (அலஸ்தோட்டம்): ஓட்டக் கணக்கில் நான் 30 புள்ளி முன்னால். இருந்தும் இப்படிப்பட்ட ஆட்டங்களில் தோற்கிறேன். ஏன்?

பதில்: முன்னால் இருப்பதனால்தான். காய்கள் எல்லாம் வெளியே போக இன்னும் நகர வேண்டிய கட்டங்களின் கூட்டுத்தான் புள்ளி, ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பேருக்கும் அது 167. காய்கள் ஒன்றையொன்று கடந்துவிட்ட ஓட்டத்தில் குறைந்த புள்ளி நல்லது. பிரைம் சண்டையில் குறைந்த புள்ளி என்றால் உங்கள் கையிலிருக்கும் நேரம் குறைவு என்று அர்த்தம்.

நேரத்தை இப்படி எண்ணுங்கள். மேலே தங்கச்சி கேட்ட அதே நிலையில் மதிலைத் தொடாமல் ஆடக்கூடியவை மூன்று காய்கள்தான். 13இல் இருப்பதை 3 வரை இறக்கினால் 10 புள்ளி, 8இன் உபரி 5, 6இன் உபரி 3. மொத்தம் 18. ஓர் எறிதலுக்குச் சராசரி 8 புள்ளியும் சொச்சமும். அப்படியென்றால் இரண்டு முறை தாக்குப்பிடிப்பீர்கள், மூன்றாவதில் கல் உருவும். இதே கணக்கை எதிராளிக்கும் போடுங்கள். அவருக்கு 30 வந்தால் நீங்கள் உடனே ஏதாவது செய்ய வேண்டும், அவருக்கு 8தான் வந்தால் அமைதியாக ஆடலாம். எந்தக் காய் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் கூட்டலிலேயே கிடைத்துவிடும்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது ஒரு தோல்வி. என்னிடம் அழகான ஐந்து கட்ட மதில், எதிரே நான்கு கட்டம்தான். ஆனால் அவருக்கு நடுவில் மூன்று காய்கள் மீதம், எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு 5-4 விழுந்தது. 8ஐயும் 7ஐயும் பிரிக்க வேண்டி வந்தபோது காயைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. வேறு வழியே இல்லை. அந்த ஆட்டம் அந்த எறிதலில் போகவில்லை, அதற்கு மூன்று முறை முன்னால், நடுவில் இருந்த காய்களை அவசரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே போய்விட்டது.

கேள்வி (கிண்ணியா, நானா ஒருவர்): ஆறு போட்டால் ஆட முடியாமல் நிற்பது நட்டமா, லாபமா? அதோடு, இரண்டு எண்ணில் ஒன்றைத்தான் ஆட முடியும் என்றால் எதை ஆடுவது? எங்கள் வீட்டில் இதற்கே சண்டை.

பதில்: சண்டையை முதலில் தீர்ப்போம் நானா. இரண்டையும் ஆட வழியிருந்தால் இரண்டையும் ஆடியே ஆக வேண்டும். ஏதாவது ஒன்றைத்தான் ஆடலாம் என்றால் பெரிய எண்.

ஆறு அடைபடுவது பிரைம் சண்டையில் பெரும்பாலும் லாபம். உங்கள் முழு பிரைம் 2 முதல் 7 வரை இருக்கிறது, எதிராளியின் இரண்டு காய் 1இல், உங்கள் பின்காய்களுக்கும் ஆறு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 7இலிருந்து ஆறு போனால் 1, அங்கே இரண்டு காய் இருப்பதால் இறங்க முடியாது. 6-6 விழுந்தால்கூட 24 புள்ளி செலவாகாமல் மதில் அப்படியே நிற்கும். ஆனால் 1இல் இருப்பது ஒரே ஒரு காய் என்றால் ஆறு ஆடக்கூடியதாகிவிடும், 7ஐ உடைத்து அதை வெட்டியே ஆக வேண்டும். ஒரு காயை அடைத்திருக்கிறோமா, இரண்டையா என்பது அவ்வளவு முக்கியம். அதனால் இப்படியான கட்டத்தில் வேறு காய்கள் எங்கும் ஆறு ஆடமுடியாதபடி முன்கூட்டியே இறக்கி வைப்பது நல்ல ஆட்டம்.

கேள்வி (கோணேசபுரி வளாக மாணவி): வேண்டுமென்றே வெட்டுப்படுவது உண்டா?

பதில்: உண்டு. தாயத்தில் வெட்டுப்பட்டால் அழுகைதான். இங்கே மதில் உடையப்போகும் நேரத்தில் ஓர் உபரிக் காய் வெட்டுப்பட்டால் அது மறுபடி சுற்றி வரவேண்டும், அவ்வளவு புள்ளியும் உங்களுக்கு நேரமாகக் கிடைக்கும். அது நடுப்பட்டையில் வர முடியாமல் நின்றால் இன்னும் நல்லது, நீங்கள் எதுவும் ஆட வேண்டியதில்லை. எதிராளியின் வீடு ஐந்து கட்டம் அடைபட்டிருந்தால் மட்டும் வேண்டாம். அப்போது மாட்டும் காய்கள் கூடிக்கொண்டே போய், ஒரு காயைக்கூட வெளியே எடுக்காமல் தோற்று, தோல்வி இரட்டிப்புத் தோல்வியாகும்.

கேள்வி (சாம்பல்தீவு): டபுளிங் கியூப் (பந்தயத்தை இரட்டிக்கும் கட்டை) வைத்து ஆடும்போது, இப்படியான நிலையில் எதிராளி இரட்டித்தால் ஏற்பதா, பழைய பந்தயத்தோடு ஆட்டத்தை விடுவதா?

பதில்: நான்கில் ஒன்று வெல்வேன் என்று தோன்றினால் ஏற்கலாம். நான்கு ஆட்டத்தையும் விட்டால் நான்கு போகும், நான்கையும் ஏற்று ஒன்றை வென்றால் ஆறு போய் இரண்டு வரும், அதுவும் நான்குதான். இரட்டிப்புத் தோல்வி வரக்கூடிய இடத்தில் இன்னும் கூடுதல் வாய்ப்பு வேண்டும். உங்கள் பின்காய் ஓரத்தில், நேரம் உங்கள் பக்கம் என்றால் நான் ஏற்பேன். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுவேன்.

கேள்வி (நிலாவெளி, முதலில் கேட்ட அதே தம்பி): ஃபோனில் கணினியோடு ஆடிப் பழகினால் போதாதா அண்ணா?

பதில்: நல்ல ஆசான்தான். 1992 அளவில் ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. 2-1, 4-1 போன்ற தொடக்க எண்களுக்கு வல்லுநர்கள் வழக்கமாக ஆடியதையே அது மாற்ற வைத்தது. இன்று இலவசமாகக் கிடைக்கும் குனு பேக்கேமன் நீ ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்து எது பிழை என்று காட்டும்.

ஆனால் விடையைப் பார்க்க முதல் நீயே ஒரு தாளில் எழுது: என் உபரிப் புள்ளி எவ்வளவு, அவருடையது எவ்வளவு, என் பின்காய் ஓரத்தில் நிற்கிறதா, அவருக்கு அடுத்து நல்ல எண் எது. பிறகு கணினியின் விடையைப் பார். இரண்டும் வேறாக இருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வா, காய்களை அடுக்கி வைத்துப் பார்ப்போம்.