பி மதிப்பு 0.07: இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாமா?

கேள்வி: உளவியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். படுக்கையில் கைபேசி பார்க்கும் நேரத்துக்கும் தூக்கத்தின் தரத்துக்கும் தொடர்பு உண்டா என்று 40 மாணவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து ஆராய்ந்தேன். ஒட்டுறவுக் கெழு (தொடர்பின் வலுவை -1 முதல் +1 வரை காட்டும் எண்) -0.29, பி மதிப்பு (உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இந்த அளவுக்காவது தொடர்பு தென்படும் வாய்ப்பு) 0.07. “இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் 0.05-க்குக் கீழே இறங்கிவிடும்” என்கிறாள் தோழி. சேர்க்கலாமா?

பதில்: கூடாது. ஆட்களைச் சேர்ப்பது குற்றமில்லை. விடையைப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதுதான் குற்றம். 0.04 வந்திருந்தால் இன்னும் பத்துப் பேரைத் தேடி அலைந்திருப்பீர்களா? தாயம் விழும்வரை உருட்டிக்கொண்டே இருந்தால் தாயம் விழத்தான் செய்யும்.

0.05 என்ற வரம்புக்கு என்ன பொருள்? உண்மையில் தொடர்பே இல்லாதபோதும், நூறு ஆய்வுகளில் ஐந்து ‘உண்டு’ என்று பொய் சொல்லும். இது ஒரே ஒரு முறை சோதித்தால் மட்டும். தரவு சேரச் சேர, சம இடைவெளியில் ஐந்து முறை சோதித்தால் அந்த ஐந்து ஏறக்குறைய பதினான்காகிவிடும். சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2011-இல் இத்தகைய சலுகைகளை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு, ஒரு பாட்டைக் கேட்டவர்களுக்கு வயதே ஒன்றரை ஆண்டு குறைந்ததாக ‘நிரூபித்து’க் காட்டினார்கள்! உங்கள் தோழிக்கு அந்தக் கட்டுரையைக் கொடுங்கள்.

உங்கள் எண்களுக்கு வருவோம். 95% நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான கெழு இருக்கக்கூடிய எல்லையை, கணக்கிட்டால் -0.55 முதல் +0.02 வரை வருகிறது. தொடர்பு வலுவாகவும் இருக்கலாம், அறவே இல்லாமலும் இருக்கலாம். எதையும் தீர்மானிக்க 40 பேர் போதவில்லை. 0.3 அளவிலான தொடர்பை 80% வாய்ப்போடு பிடிக்கச் சுமார் 85 பேர் வேண்டும். கேள்வித்தாளை அச்சிடும் முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கு இது; ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் ஐந்து நிமிட வேலை.

அறிக்கையில் கெழு, இடைவெளி, பி மதிப்பு மூன்றையும் உள்ளபடி எழுதுங்கள். “தொடர்பு இல்லை” என்றும் எழுத வேண்டாம், “கிட்டத்தட்ட நிறுவப்பட்டது” என்று மழுப்பவும் வேண்டாம். காலக்கெடு இடம் கொடுத்தால், புதிதாக 85 பேரிடம் தரவு திரட்டப்போவதாக நெறியாளரிடம் தேதியிட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய 40 பேரை அதில் கலக்காமல் தனியாகக் காட்டுங்கள்.

பி மதிப்பு எதுவானாலும், “கைபேசி தூக்கத்தைக் கெடுக்கிறது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தூக்கம் வராதவர்கள்தாம் கைபேசியை எடுக்கிறார்களோ என்னவோ.