மதுரையில் எப்போதுமே வெயில்தானே, புவி சூடாவதற்கு மனிதன்தான் காரணமா?

“தாத்தா காலத்திலும் மதுரை கொதித்தது. பிறகு எதற்குப் புவி வெப்பமயமாதல் என்கிறார்கள், அதற்கு மனிதர்கள் எப்படிக் காரணம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

புவி சூடாவது உண்மை, காரணம் நாம்தான். ஆனால் மே மாத மத்தியானம் மாட்டுத்தாவணியில் தார் இளகிச் செருப்பில் ஒட்டுவதை வைத்து இதைச் சொல்லவில்லை. ஓர் ஊரின் ஒரு நாள் வெயில் எதையும் நிரூபிக்காது. நகரத்துச் சூட்டில் கான்கிரீட்டுக்கும் பங்குண்டு. நிலமும் கடலும் சேர்ந்த உலகச் சராசரியைப் பாருங்கள்: 1800களின் பிற்பகுதியைவிட 1 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிட்டது.

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1859இலேயே இயற்பியலாளர் ஜான் டிண்டால் சோதித்துக் காட்டினார். ஆலைகள் பெருகும் முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

சரி, கூடுதலாக வந்தது எரிமலைப் புகையாக இருக்கக் கூடாதா? என்னை முழுதாக நம்பவைத்தது இதற்கான விடைதான். செடிகொடிகள் எடை குறைந்த கார்பனையே அதிகம் எடுத்துக்கொள்ளும். அவை மண்ணில் புதைந்து உண்டானதுதான் நிலக்கரி. ஆகவே அதில் கார்பன்-13 என்ற எடை கூடிய வகை குறைவு. எரிமலை வாயுவில் அப்படியில்லை. இன்று காற்றில் கார்பன்-13இன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் விட்ட கைரேகை அது.

அப்புறம், சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும். கீழே சூடு ஏற ஏற, அங்கே குளிர்ந்துகொண்டிருக்கிறது.