குடியேற்ற விளையாட்டில் ஆயுதச் சேதத்தையும் மெய்யான காயங்களையும் சமன் செய்வது எப்படி?

கேட்டவர் குடியேறிகளை வைத்து ஊர் அமைத்து உயிர்பிழைக்கவைக்கும் கணினி விளையாட்டு (காலனி சர்வைவல்) ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். துப்பாக்கிச் சேதத்தை நிஜத்துக்கு நெருக்கமாக வைத்தால் முதல் தாக்குதலிலேயே பாதிக் குடியேற்றம் செத்துவிடுகிறது என்றும், குறைத்தால் நெஞ்சில் ஐந்து தோட்டா வாங்கியவன் மறுநாள் காலையில் நாற்று நடப் போய்விடுகிறான் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் இருக்கிறதா, சமநிலை வந்துவிட்டதா என்று அளப்பது எப்படி என்பவை அவருடைய கேள்விகள்.

அப்படி ஓர் எண் இல்லை என்பதே என் பதில். தோட்டாவின் சேத எண்ணை ஏற்றி இறக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, காயம் எவ்வளவு நேரத்தில் ஆளை வீழ்த்துகிறது, எத்தனை நாளில் ஆறுகிறது என்ற இரண்டு காலக்கணக்குகளைத் தனித்தனியாகத் திருத்தத் தொடங்கினால்தான் இந்தச் சிக்கல் அவிழும். சிங்கப்பூரில் துப்பாக்கியைக் கையில் பிடித்தவர்கள் பெரும்பாலும் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், பிடித்தவர்கள்தாம். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் மருத்துவ உதவியாளராக இருந்ததால், சுடக் கற்றதைவிடக் கட்டுப்போடக் கற்றதே அதிகம். இப்போது ஓய்வு நேரத்தில் நண்பர்களுடன் சேர்ந்து இதே வகையில் ஒரு சிறிய விளையாட்டைச் செய்துவருகிறேன். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் காலக்கணக்கு ஏன் முக்கியம் என்பதைப் பார்ப்போம். இந்த வகையில் பலரும் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் ரிம்வேர்ல்ட் என்ற விளையாட்டில் ஒரு நாள் என்பது 60,000 டிக் (டிக் என்பது விளையாட்டுக் கடிகாரத்தின் மிகச் சிறிய அடி). இயல்பு வேகத்தில் நொடிக்கு 60 டிக் ஓடுகிறது. ஆகவே அங்கே ஒரு முழு நாள் திரைக்கு முன்னால் 1,000 நொடிகளில், அதாவது 16 நிமிடம் 40 நொடியில் முடிந்துவிடுகிறது. கடிகாரம் நிஜத்தைவிட ஏறத்தாழ 86 மடங்கு வேகமாகச் சுழல்கிறது. இப்போது தொடைத் தமனி அறுந்த ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் கட்டுப்போடாவிட்டால் சில நிமிடங்களில் இறந்துவிடுவான். மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டு அதை விளையாட்டின் நாட்காட்டிப்படி நேர்மையாகக் கணக்கிட்டால், திரையில் இரண்டே நொடியில் அவன் பிணமாகிவிடுவான். விளையாடுபவர் சுட்டியைப் பிடித்து அவன்மீது கொண்டுபோவதற்குள் கதை முடிந்திருக்கும். நீங்கள் பட்ட அவதி இதுதான் என்று நினைக்கிறேன். சேதம் அதிகமாகத் தெரிந்ததற்குக் காரணம் சேதமல்ல, கடிகாரம்.

ஆறுவதில் இதே கணக்கு நேரெதிராக வேலை செய்கிறது. தொடையெலும்பு முறிந்தால் கூடிவரக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். ரிம்வேர்ல்டின் ஆண்டுக்கோ 60 நாள்தான். 90 நாள் படுக்கை என்றால் ஒன்றரை ஆண்டு ஒரு குடியேறியை இழப்பதாகிவிடும், அதை எந்த விளையாட்டுக்காரரும் பொறுத்துக்கொள்ளமாட்டார். எனவே இரத்தப்போக்கை நீட்ட வேண்டும், ஆறும் காலத்தைச் சுருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெருக்கெண்ணால் மாற்றுவதே பெரும்பாலான மோட்கள் (விளையாடுபவர்களே செய்து சேர்க்கும் மாற்றங்கள்) சறுக்கும் இடம்.

நாங்கள் வைத்திருக்கும் விதி எளிது. இரத்தப்போக்கு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் நேரத்தில் ஓடும்: மூன்று நிமிடத்தில் கொல்லும் காயம் இயல்பு வேகத்தில் மூன்று நிமிடமே எடுக்கும். அது விளையாட்டு நாட்காட்டியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. மருத்துவம் படித்தவர் சிரிப்பார்தான், ஆனால் விளையாடுபவரின் நெஞ்சு சரியான வேகத்தில் அடிக்கும். காயம் ஆறுவதோ ஆண்டின் விகிதத்தில் ஓடும்: நிஜத்தில் ஆண்டில் கால் பங்கு பிடிக்கும் எலும்பு முறிவு, 60 நாள் ஆண்டிலும் கால் பங்கையே, அதாவது 15 நாளையே பிடிக்கும். நடவுக்கு முன்னால் கால் முறிந்தவன் அந்தப் பருவம் முழுவதும் வயலுக்கு வரமாட்டான் என்பது அப்போது தானாகவே பொருந்திவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க என் அக்கா மகனை உட்காரவைத்தேன். கொள்ளையர் தாக்குதலில் அவனுடைய ஆட்களில் ஒருவனுக்குத் தொடையில் குண்டு பாய்ந்தது. அதே நேரம் வடக்கு மூலையில் நெல் வயல் பற்றிக்கொண்டது. கட்டுப்போடத் தெரிந்தவள் ஒருத்திதான், அவள் கையிலோ தண்ணீர் வாளி. "மாமா, தீய அணைச்சிட்டு வந்து கட்டுறேன், தாங்குவானா?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பாதி வயல் எரியட்டும் என்று விட்டுவிட்டு அவளைத் திருப்பினான். சேத எண் எத்தனை என்று அவன் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இப்படி ஒரு முடிவை எடுக்க வைப்பதற்குத்தான் காயமே தவிர, ஆயுதப் பட்டியலை அலங்கரிக்க அல்ல.

அடுத்தது, உயிர்ப்பட்டை, அதாவது மிச்ச உயிரைத் திரையில் காட்டும் பட்டை, நேர்கோட்டில் குறையக்கூடாது. பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் 15 விழுக்காடு, அதாவது முக்கால் லிட்டர் போகும்வரை வெளியே பெரிதாக எதுவும் தெரியாது. 30 விழுக்காட்டைத் தாண்டும்போது இரத்த அழுத்தம் விழும், ஆள் குழம்புவான். 40 விழுக்காட்டுக்கு மேல் உயிருக்கே ஆபத்து. இந்த வளைவை அப்படியே எடுத்துக்கொண்டால், சுடப்பட்டவன் சிறிது நேரம் ஓடுகிறான், திருப்பிச் சுடுகிறான், பிறகு கதவருகே மடிந்து விழுகிறான். மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட்டாலன்றித் தோட்டா பட்டவன் உடனே சாய்ந்துவிடுவதில்லை என்ற உண்மையும் காப்பாற்றப்படுகிறது, முதல் தோட்டாவிலேயே ஆட்டம் முடிவதும் நிற்கிறது.

எந்த இடத்துக் காயம் எவ்வளவு கொடியது என்பதற்கும் நிஜத்தில் நல்ல சான்று இருக்கிறது. 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் காயமடைந்து மாண்ட அமெரிக்கப் படையினர் 4,596 பேரை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் சுமார் 87 விழுக்காட்டினர் மருத்துவ நிலையத்தை எட்டுவதற்கு முன்பே இறந்தவர்கள். அந்த 87 விழுக்காட்டினரில் கால்வாசிப் பேரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. அந்தக் கால்வாசியில் பத்துக்கு ஒன்பது பேர் இரத்தப்போக்கால் இறந்தார்கள், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு நெஞ்சும் வயிறும் அடங்கிய நடு உடலிலிருந்து வடிந்த இரத்தம். கை கால் என்றால் இறுக்குப் பட்டை போட்டு நிறுத்தலாம். அக்குளும் இடுப்பு மடிப்பும் பட்டைக்கு அகப்படாதவை, கையால் அழுத்திப் பஞ்சு திணிக்க வேண்டும். வயிற்றுக்குள் வடிவதை அறுவைச் சிகிச்சையின்றி நிறுத்த முடியாது. விளையாட்டுக்கு இதைவிட நல்ல படிநிலை கிடைக்காது: முதலாவதை யாரும் செய்யலாம், இரண்டாவதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும், மூன்றாவதற்கு மருத்துவரும் மேசையும் வெளிச்சமும் வேண்டும். ஆயுதத்தைத் தொடாமலேயே குடியேற்றம் வளர வளர உயிர்பிழைப்பும் வளர்கிறது.

ஆயுதங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே செலவழிக்கும் நேரம் பெரும்பாலும் வீண். 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா குழலை விட்டுக் கிளம்பும்போது ஏறக்குறைய 500 ஜூல், 5.56 மி.மீ. துப்பாக்கித் தோட்டா 1,700 ஜூல் அளவில் ஆற்றல் கொண்டவை. இந்த விகிதத்தையே சேத எண்ணாக்கினால் கைத்துப்பாக்கியை யாரும் கையால் தொடமாட்டார்கள். இதயத்தைத் துளைத்தது எது என்பதில் இதயத்துக்கு அக்கறையில்லை. ஆயுதங்களை எட்டும் தூரம், குறி, சுடும் வேகம், கவசத்தைத் துளைக்கும் திறன் ஆகியவற்றால் வேறுபடுத்துங்கள். உடலுக்குள் நுழைந்த பிறகு நடப்பதை நுழைந்த இடம் தீர்மானிக்கட்டும். ரிம்வேர்ல்டிலும் ஒற்றைச் சூடு போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்குச் சேதம் 18, மும்மூன்றாகச் சுடும் அசால்ட் ரைஃபிளின் ஒவ்வொரு தோட்டாவுக்கும் 11 என்றுதான் வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் எண்ணைவிட நடத்தையில் இருக்கிறது. டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்ற இன்னொரு குடியேற்ற விளையாட்டு 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஆயுதத்துக்கு நேரடிச் சேத எண்ணையே விட்டுவிட்டு, படும் பரப்பையும் ஊடுருவும் ஆழத்தையும் கொண்டு தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகக் கணக்கிடுகிறது. அழகுதான், ஆனால் தனி ஆளாகச் செய்பவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அதைச் சமன் செய்வதற்குள் உங்களுக்கே நரை விழுந்துவிடும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். எதிரிகள் வலியால் வீழும்போது, கைதிகள் குவிந்துவிடக்கூடாது என்பதற்காக, பகடை உருட்டிச் சிலரை அங்கேயே சாகடிக்கும் வழக்கம் ரிம்வேர்ல்டில் உண்டு. கால் விரலில் காயம்பட்டவன் சட்டென்று செத்துக் கிடப்பதைப் பார்த்தவுடன் விளையாடுபவருக்கு உங்கள் காயக்கணக்கின் மீதிருந்த நம்பிக்கை முழுவதும் போய்விடும். கைதி அதிகமானால் சோற்றுக்குத் திண்டாட்டம் வரட்டும், எதிரிகள் தங்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடட்டும்.

கடைசியாக, அளப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நொடிக்கு எவ்வளவு சேதம் என்பதை அளக்காதீர்கள். ஒரு தாக்குதலுக்குப் பிறகு குடியேற்றம் எத்தனை ஆள்நாள் உழைப்பை இழந்தது என்பதை அளவாக வையுங்கள். காயம்பட்டவனோடு சேர்த்து, அவனைத் தூக்கியவன், கட்டியவள், கஞ்சி கொண்டுவந்தவன் ஆகியோரின் நேரத்தையும் அதில் கூட்டிக்கொள்ளுங்கள். அதே சண்டையைக் கணினியையே சில நூறு முறை ஓடவிட்டு, சராசரியைப் பார்க்காமல் மிக மோசமான பத்தில் ஒரு பங்கைப் பாருங்கள். அந்தப் பங்கிலும் யாராவது ஒருவர் கட்டுப்போடும் நிலையில் எழுந்து நிற்கிறார் என்றால் ஆயுதங்களை அப்படியே விட்டுவிட்டு, ஆறும் நாட்களைத் திருத்தத் தொடங்கலாம்.